ஜூலையில் பனிக்கடி

யாகூத்ஸ்க். கொசுவலைக்கு வெளியே
சரியாக இருட்டாத ஜூலை இரவு.

உறைந்த லேனா ஆற்றின்மேல்
இருபத்தாறு குளிர்காலம் லாரி ஓட்டிய நியூர்குனுக்கு
ஒரு விரல்நுனிகூடப் போனதில்லை.
முழங்கால் அறுவைக்குப் பிறகு
வீக்கம் வடிய நான் வைத்த ஐஸ் பை
கடித்துவிட்டது.

இடையில் துணி வைக்க மறந்தேன்.
மரத்த கால் அவரை எழுப்பவில்லை.
மூன்று மணி நேரம்.

மெழுகாய் வெளுத்த தோல். தேய்க்கக் கூடாது.
வெந்நீரும் ஆகாது, வெதுவெதுப்புதான், முப்பத்தெட்டு டிகிரி:
துணியை நனைத்து, ஒற்றி, மறுபடி நனைத்து.

வலி வந்தது.
கூடவே லாரிக்காரரின் வசவு மொத்தமும்.
ஒவ்வொன்றையும் நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

கொப்புளங்களை உடைக்காமல் கட்டினேன்.
கறுக்குமா பிழைக்குமா என்று
தோலுக்கே தெரிய வாரங்கள் ஆகும்.

அறிக்கையில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
குளிர் என்று எழுதி, அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்:
துயாரா.