மேல்பட்டி கேட்

மூச்சைக் கவனி என்றாள் ஹெப்சிபா.
என்னைவிட ஆறு வயது சின்னவள்,
கையில் ரெஜிஸ்டர், அறுந்த செருப்பு வாரில் ஊக்கு.
எந்த மூக்கில், என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
தோலுக்கும் அட்டைக்கும் பசை தடவிய கை இது.
பதினோரு வருடம்.
முதலில் அந்த வாசனை தலைவலியாக இருந்தது,
பிறகு தலைவலிக்கு மருந்தாக,
பிறகு பாலிதீன் கவரில் ஊற்றி
கக்கூஸில் நின்றபடி அப்பிக்கொள்கிற
இன்னொரு முகமாக.
அதே இரண்டு துவாரம்.
அது போன வழியில்தான்
இப்போது வெறும் காற்று போகிறது, வருகிறது,
வாடகை பாக்கிக்காரன்
தலை குனிந்து வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

ஆசை வந்தால் அலை என்று நினை,
எழும், உடையும், கரையில் நின்று பார் என்றாள்.
நான் கடல் பார்த்ததில்லை மேடம்.
எனக்குத் தெரிந்தது பாலாறு.
அதில் லாரி ஓடும்.

ஆகவே கூட்ஸ் வண்டியை வைத்துக்கொண்டேன்.

இப்போது பாக்கிங்கில் டப்பா மடிக்கிறேன்.
ஷிப்ட் விட்டு சைக்கிளில் வந்தால்
ஆறே காலுக்கு கேட் மூடியிருக்கும்.
அந்த நேரம் பார்த்துத்தான் அதுவும் வரும்:
நாக்கடியில் ஒரு தித்திப்பு,
முழங்கைக்குள் எறும்பு,
ஒரே ஒரு மூடி, கடைசி என்கிற
என் குரலிலேயே ஒரு குரல்.
வண்டியைச் சாய்த்து கம்பிக்கு அடியில்
தாண்டிப் போகிறவர்கள் உண்டு.
நானும் தாண்டியவன்தான்.
ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறேன்.
வேகன் ஒன்று. மூச்சு ஒன்று.
வேகன் இரண்டு.
நிலக்கரி, சிமெண்ட், என்னவென்றே தெரியாமல் மூடிய கதவுகள்.
அடிவயிறு வரை அதிர்கிறது தண்டவாளம்.
நிறுத்த முடியாது. ஏற வேண்டியதும் இல்லை.
பின்கழுத்தில் மே மாதம்.

பதினேழில் கோவிந்தராசு.
பசை டின் மடியில் இருக்க
கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்தபடியே விறைத்துப்போனவன்.
இருபத்து மூன்றில் மகள்.
படுக்கும் முன் என் சட்டைக் காலரை
மோந்து பார்க்கிறாள், மூன்று மாதமாக.
எதுவும் சொல்வதில்லை.
யார் கற்றுக்கொடுத்தது அவளுக்கு
இத்தனை கவனமாக மூச்சிழுக்க?

எண்ணிக்கை தவறிவிட்டது.
தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து,
திட்டிக்கொள்ளாதே என்றிருக்கிறாள் ஹெப்சிபா.
கார்டு பெட்டியும் போய்விட்டது.
கேட் எழுகிறது. பின்னால் ஆரன், வசவு.
நான் இன்னும் நாலில் இருக்கிறேன்.