ஐந்து நிமிடத்துக்கு மேல்

கட்டபெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
ஞாயிறு. தொழிற்சாலைச் சங்குக்கும் விடுமுறை.
கேட்டுக்கு முன்னால் நின்ற காட்டெருமை
தனக்குத் தோன்றியபோது நகர்ந்தது.
அதற்குப் பிறகுதான் காவலாளி சாவியை எடுத்தார்.

இருபத்திரண்டு கணினி, ஒரு சர்வர்.
பழைய நுழைவு மென்பொருளைக் கழற்றிவிட்டுப்
புதியதைப் போட வேண்டும்.
திங்கள் விடிந்தால் இலை வந்துவிடும்,
ஈரத்தோடு, கணக்குக் கேட்டுக்கொண்டு.

கணக்குப்பிரிவு உடனே ஒத்துக்கொண்டது.
மேனேஜர் அறை மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்டது.
சாம்பிள் அறையில்
கடவுச்சொல்லின் ஏழாவது எழுத்து மட்டும் விழவே இல்லை.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ஒரு கோப்பைக்கு ஆகும் அளவு தூள் கொட்டியது.
பூசை முடிந்து வந்த ரெஜினா
"நல்ல கிரேடு, வீணாக்காதீங்க" என்றாள்.

மதியத்துக்குள் பதினெட்டு.
மூடுபனி ஜன்னல்வரை வந்து
உள்ளே எட்டிப் பார்த்தபோது இருபத்தொன்று.

மிச்சம் எடைமேடைக் கணினி.
புதிய பதிப்பு அதில் ஏறாது, தெரிந்ததுதான்.
அதற்கென்றே பழைய பதிப்பைப்
பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன்.
ஏறியது. பெயரை வாங்கிக்கொண்டது.
கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டது.
சர்வர் முடியாது என்றது.

"பதினாறு வருசமா நான்தான் மேடம் இங்க உக்காந்திருக்கேன்.
என்னைத் தெரியாதாமா அதுக்கு?"
பெள்ளிராஜ் சிரித்தார்,
முழுச் சிரிப்பு இல்லை.

கோவைக்குப் போன் போட்டேன்.
பழைய பூட்டை அந்த ஒன்றுக்காக மட்டும்
சர்வரில் திறந்து விடவா என்றேன்.
திறந்தால் திருடனுக்கும் திறக்கும் என்றார்கள்.
அதுவும் சரிதான்.
கேபிளை மாற்றினேன். பெயரை மாற்றினேன்.
நெட்வொர்க்கிலிருந்து வெளியே தள்ளி
மறுபடி உள்ளே அழைத்தேன்.
முடியாது. முடியாது.

ஆறு மணிக்குத்தான் திரையின் மூலையைப் பார்த்தேன்.
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

"அது அப்படித்தான் மேடம்.
கரண்ட் போனா பொறந்த நாளுக்குப் போயிரும்.
சீட்டுல தேதிய நானே பேனாவுல எழுதிருவேன்."

பழைய சர்வர் பெயரைக் கேட்டது, சொல்லைக் கேட்டது,
மணியைக் கேட்டதே இல்லை.
புதியது முதலில் மணியைத்தான் பார்க்கிறது.
ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால்
நீ நீயாக இருந்தாலும் ஆகாது.

மண்டபத்தில் கப்பல் இறங்கிய என் அப்பாவுக்கு
பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த வருடம்,
குடும்ப அட்டையில் இன்னொன்று.
ஊட்டி அலுவலகத்துக்கு நாலு முறை ஏறி இறங்கினார்.
எதிரே ஆள் நிற்கிறார்.
இடையில் இரண்டு வருடம் நிற்கிறது.
நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி,
செத்து எத்தனை மழைக்காலம் ஆனதோ.
கோத்தகிரியில் கடைகள் அடைத்தாயிற்று.
மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு தன் கார் சாவியின் ரிமோட்டை
நகத்தால் பிளந்து நீட்டினார்.
அதே அளவு. அதே எண்.

தேதி சொன்னேன். மணி சொன்னேன்.
பெள்ளிராஜ் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார்.
திறந்தது,
ஒன்றுமே நடக்காதது போல.

சோதனைக்கு ஒரு காலிச் சாக்கை எடை போட்டோம்.
எண்ணூறு கிராம்.
சீட்டு இன்றைய தேதியோடு வந்தது.
அவர் பேனாவை எடுத்துப் பக்கத்திலேயே
மறுபடியும் அதே தேதியை எழுதினார்.
"ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாக்கணும்ல."

வெளியே பனிக்குள் மேனேஜர்
கார்க் கதவின் துவாரத்தை
விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசி பஸ்ஸில் அறிக்கை எழுதினேன்:
இருபத்திரண்டும் மேம்படுத்தப்பட்டன.
பொய்.
இருபத்தொன்று.
ஒன்றுக்கு மணி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.