கசிவுச் சோதனை

மின்கட்டண உறையின் பின்பக்கம் கணக்கு எழுதினேன்.
பிராசசர் பழசு, கிராபிக்ஸ் கார்டு அதைவிடப் பழசு,
யாரோ ஒரு பையன் கிரிப்டோ தோண்டி அலுத்து விற்றது.
அடுப்பு மாதிரிக் கொதிக்கும் என்று
காசு வாங்கும்போதே சொன்னான், நேர்மையான பிள்ளை.
மிச்சம் நூற்று நாற்பது டாலர்.
அதற்குள் ஒரு ஆறு ஓட வேண்டும்.

வெளியே ரெஜைனா, மைனஸ் முப்பத்தொன்று.
"ஜன்னலைத் திறந்து வை, முடிந்தது"
என்கிறாள் தர்சிகா, போர்வைக்குள் இருந்து.
இந்த பேஸ்மென்டின் ஒற்றை ஜன்னல்
நவம்பரிலேயே உறைந்து ஒட்டிவிட்டது.
எங்கள் வெப்பநிலை மேல்வீட்டுக்காரர் கையில்;
பதினேழுக்கு மேல் ஏற்ற மாட்டார்.

வாட்டர் பிளாக் மட்டும் புதிதாக வாங்கினேன்.
சிப்பின் நெற்றியில் உட்காரப்போவது,
அங்கே கஞ்சத்தனம் ஆகாது.
அறுபத்திரண்டு டாலர். செம்பு அடிப்பாகம்.
அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தேன்.

பிறகு பொருத்தம் பார்க்கிற படலம்.
செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் குடியிருந்தால்
ஒன்று மற்றதை அரித்துத் தின்னும்;
ஆறு மாதம் வெளியே தெரியாது.
கடையில் மலிவாய்க் கிடந்த ரேடியேட்டர் எல்லாம் அலுமினியம்.
சம்பந்தம் வேண்டாம் என்று திரும்பினேன்.

பஸ்ஸின் கடைசி நிறுத்தம், அங்கிருந்து இருபது நிமிட நடை:
உடைந்த கார்களின் கொல்லை.
பனியில் புதைந்த எண்பத்தாறாம் வருஷத்து போண்டியாக்.
டாஷ்போர்டுக்கு அடியில் செங்கல் அளவில் ஒரு செம்புக் கூடு,
ஓட்டுபவரின் பாதத்தைச் சூடாக்க வைத்தது.
கையுறையைக் கழற்றினால்தான் திருகு பிடிபடும்;
கழற்றினால் விரல் பிடிபடாது.
ஒன்றரை மணி நேரம்.
உள்பெட்டியில் ஒரு அபராதச் சீட்டு,
ஐந்து டாலர், கட்டப்படவே இல்லை.

"ஹீட்டரை வாங்கி எதைக் குளிரவைக்கப் போகிறாய்?"
கல்லாவில் இருந்த டுவெயின் சிரித்தார்.
அந்தக் குளிரில் அது நியாயமான கேள்வி.
பதினைந்து டாலர்.
சீட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வினிகர் ஊற்றிக் குலுக்கினேன்.
முதலில் கடுங்காப்பி, பிறகு வெறுந்தேநீர்,
ஐந்தாம் கழுவலில் தண்ணீர் தண்ணீராக வந்தது.
பம்ப், மூடப்போகிற மீன்தொட்டிக் கடையில், பதினெட்டு.
குழாய் அடிக்குத் தொண்ணூறு சென்ட், ஏழடி.
காய்ச்சி வடித்த நீர் மருந்துக்கடையில் மூன்று டாலர்.
விசிறி இரண்டும் இருபது;
அவற்றை ரேடியேட்டரோடு பூட்டியது
ஜூன் மாதத்து மாம்பழப் பெட்டியின் அட்டை.
கிளாம்ப் எட்டு வேண்டும்.
உலோகம் என்றால் ஒன்று இரண்டு டாலர், பிளாஸ்டிக் நாற்பது சென்ட்.
ஏழு உலோகம். ஒன்று பிளாஸ்டிக்.
கையிலிருந்த சில்லறை அவ்வளவுதான்.

இரவு. கணினிக்கு மின்சாரம் கொடுக்கவில்லை,
பம்ப் மட்டும் ஓடுகிறது.
ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே வெள்ளைத்தாள் துண்டு.
டார்ச்சோடு தரையில் குப்புறக் கிடந்தேன்.
மூன்று நாற்பதுக்கு எட்டாவது தாளின் ஒரு மூலை
லேசாகச் சாம்பல் நிறமானது.
எட்டாவதுதான் என்று எனக்கு முன்பே தெரியும்.

தர்சிகா எழுந்து வந்தாள். திட்டவில்லை.
சலவைக் காசு டப்பாவைக் கவிழ்த்து
ஒரு இரண்டு டாலர் நாணயத்தை மேசையில் வைத்தாள்.
"உன் துணியை நீ கையால் தோய்."

இன்று இரண்டாம் இரவு. எட்டுத் தாளும் வெள்ளை.
சுவிட்சைப் போட்டேன்.
நான் செய்துகொண்டிருப்பது ஒரு மழை, பதினோரு வினாடி,
பஸ் நிறுத்தக் கண்ணாடியில் வழிகிற மழை.
ஒவ்வொரு துளியையும் இது கணக்கிட வேண்டும்.
வினாடிக்கு நாற்பது நிமிடம்.
ஐம்பத்தாறு டிகிரியில் ஏறி அங்கேயே நின்றது.

மேசைக்கடியில் மாம்பழப் பெட்டி
மெல்லிய சூட்டை ஊதுகிறது.
வாசம் எதுவும் வரவில்லை; எதிர்பார்த்திருந்தேன்.
காலுறையைக் கழற்றி இரண்டு பாதத்தையும் நீட்டினேன்.
கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து
இன்னும் இரண்டு பாதம்.
"தள்ளு" என்றாள்.