முன்னே போகிற முறை

ரெஜானுக்கு கிஸ்லேன் விற்ற படகு எஞ்சின்
மூன்றாம் நாளே நின்றுபோனது,
செயின்ட் லாரன்ஸ் ஆறு
கடலாக மாறுகிற இடத்தில், நட்டநடுவே.
அது ஜூன்.
இது பிப்ரவரி.
இன்னும் பேச்சில்லை.

ஆனாலும் விடிகாலை ஐந்துக்கு
மோடின் வேனில், பின் இருக்கையில்,
நடுவில் என்னை வைத்துக்கொண்டு
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறார்கள்.
பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை
சிக்-ஷோக் மலை ஏறுவது
எஞ்சினுக்கு முந்திய ஏற்பாடு.

மைனஸ் இருபத்து நான்கு.
விட்ட மூச்சு இமையில் வந்து ஒட்டுகிறது.
பனிமிதியடியின் வாரை இறுக்கக்
கையுறையைக் கழற்றினால்
பத்து எண்ணுவதற்குள் விரல் என்னுடையதில்லை.
மரத்துக்குப் பின்னால் மோட்
ஐந்து அடுக்கு உடையையும் அவிழ்த்தாக வேண்டிய
தன் மூத்திரப் பையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நேற்றிரவு கொட்டியது இடுப்பளவு.
மிதியடி தாங்கியும் முழங்கால்வரை இறங்குகிறது.
முன்னால் போகிறவர் உழுகிறார்,
பின்னால் வருகிறவர்கள் அந்தச் சாலில் நடக்கிறோம்.
நூறு எட்டு. பிறகு ஒதுங்கி நின்று
வாலில் சேர வேண்டும்.
எங்களுக்குள் எழுதாத சட்டம் இது ஒன்றுதான்.

நான் நூறு. மோட் நூறு.
அடுத்தது கிஸ்லேன், அவனுக்குப் பின்னால் ரெஜான்.
வரிசையை யாரும் திட்டமிடவில்லை,
வேனிலிருந்து இறங்கிய ஒழுங்கு அப்படி.

கிஸ்லேன் குட்டை.
ரெஜான் ஆறடி மூன்றங்குலம்.
குட்டையானவன் போட்ட தடத்தில் நடக்க
நெட்டையானவன் தன் கால்களைச்
சுருக்கிச் சுருக்கி வைக்கிறான்.
சின்னச் சட்டைக்குள் திணித்த மாதிரி நடை.
ஒருமுறை தடுக்கி, கம்பை ஊன்றி,
ஒரு ஃபிர் மரத்தின் பனி மொத்தத்தையும்
கழுத்துக்குள் வாங்கிக்கொண்டான்.
சபிக்கக்கூட இல்லை.
சபித்தால் அது பேச்சாகிவிடும்.

அப்புறம்தான் கவனித்தேன்.
கிஸ்லேன் திரும்பிப் பார்க்கவில்லை,
ஆனால் எட்டு நீண்டிருந்தது.
இடுப்பைத் திருகி, தொடையைத் தூக்கி,
தனக்கு எட்டாத தூரத்தில் காலைப் போட்டான்.
அந்த முதுகு படும் பாட்டை
மூன்றாவதாக வந்த நான் பார்த்தேன்.
இரண்டாவதாக வந்தவன் பார்த்தானா, தெரியாது.
அவன் தலை குனிந்திருந்தது.

"நூறு."

ரெஜானின் குரல்.
எட்டு மாதத்தில் முதல் சொல், அதுவும் ஓர் எண்.
கிஸ்லேன் ஒதுங்கவில்லை.
"நூற்றி இருபது."
ஒதுங்கவில்லை.
"நூற்று அறுபது."
"வட்டியும் சேர்த்தா கட்டுகிறான்?"
என்று வாலிலிருந்து கத்தினாள் மோட்.
யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து
அப்படியே கிடந்தான் கிஸ்லேன்,
நெஞ்சிலிருந்து ஆவி பறக்க.
ரெஜான் அவனைத் தாண்டிப் போனான்.
நல்ல நீளமான எட்டுகளாக.

மரங்கள் முடிந்த இடத்தில் காற்று காத்திருந்தது.
உச்சிக்கு இன்னும் நாற்பது மீட்டர் இருக்கலாம்.
அதன் விளிம்பில், கீழே ஒன்றுமில்லாமல்
வெளியே நீட்டிக்கொண்டு நின்றது பனி.
மோடின் கன்னத்தில்
ஒரு நாணயம் அளவுக்கு வெள்ளைப் புள்ளி.
தொட்டேன். "தெரிகிறதா?"
"என்ன தெரிகிறதா?" என்றாள்.
திரும்பிவிட்டோம்.
வாக்கெடுப்பு இல்லை, பெருமூச்சும் இல்லை.

மரங்களின் மறைவில் நின்று
என் வெறும் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்திருந்தேன்,
அவள் வலிக்கிறது என்று கத்தும்வரை.
வலித்தது நல்ல செய்தி.
பாலாடைக்கட்டி கல்லாகியிருந்தது.
தெர்மாஸுக்கு மூடி ஒன்றுதான்,
அதுவே கோப்பை.
கிஸ்லேன் குடித்து, என்னிடம் நீட்டினான்.
நான் ரெஜானிடம் கொடுத்தேன்.
நேராகவே கொடுத்திருக்கலாம்,
கைநீளத் தூரம்தான்.

இறக்கத்தில் பாதிக்குமேல் புட்டத்தால் வந்தோம்.

வேனுக்குள் எட்டு மிதியடிகளும்
உருகி, எங்கள் காலடியில் குளமாயின.
பழையபடி நடுவில் நான்.
இரு பக்கமும் ஜன்னலில் ஆவி படர்ந்து
பார்க்க வெளியே ஒன்றுமில்லை.

"கார்புரேட்டராய் இருக்கும்,"
என்றது இடது ஜன்னல்.

பத்துக் கிலோமீட்டர் போயிருப்போம்.

"பார்த்தாச்சு. அது இல்லை,"
என்றது வலது.