துளை எண் பதினொன்று

லிவாவுக்குத் தெற்கே
ட்ரெய்லர்கள் நிறுத்த இடம் வேண்டுமாம்.
இந்த மண் எத்தனை டன் தாங்கும்,
அவ்வளவுதான் கேள்வி.
சம்மட்டி விழ விழ எண்ணி எழுதுவது என் வேலை.

இரண்டு மீட்டர் வரை செம்மணல்.
மூன்றாவதில் சத்தம் மாறியது.
குல்ஸமான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்.
குழாயைப் பிளந்தால்
ஒரு சாண் சாம்பல் களிமண்,
அரைத்த உளுந்தாய் விரலில் ஒட்டியது.
அதற்குள், மிளகளவில், ஊமச்சி.

கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
இதுவோ நல்ல தண்ணீரில் மட்டும் பிழைக்கிற ஜாதி.
பேரிலேயே வாய் இல்லாதது,
அதுதான் முதலில் சொன்னது.

மறுநாள் அல் ஐனிலிருந்து
சூடான்காரி இந்திஸார் வந்தாள்,
இரும்புக் குழாய்களோடும் கறுப்புத் துணியோடும்.
‘வெளிச்சம் படக் கூடாது.
கடைசியாக வெயிலைப் பார்த்த நாளிலிருந்து
மணல் இருட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது.’
நாற்பத்தாறு டிகிரியில்
துணியைப் பிடித்தபடி நின்றேன்.

முதல் குழாய் வீணானது என்னால்தான்.
மூடியை அவள் திருகுமுன்
காற்றில் துணி விலகி
ஒரு விரற்கடை வெயில் விழுந்தது.
ஒன்பதாயிரம் வருடமாக இருக்கலாம் என்றாள்,
அத்தனையும் பூஜ்யம்,
நான் மூக்கைச் சொறிந்த நேரத்தில்.

அவள் திட்டவில்லை.
வெட்டிய மேட்டின் வரிகளைக் காட்டினாள்:
களிக்குக் கீழே ஒரு சாய்வு, மேலே வேறு சாய்வு.
நடுவில் காற்றே கொஞ்ச காலம் ஓய்ந்திருக்கிறது.
கோரை முளைத்த இடத்தில்
சுண்ணாம்புக் குழல்கள், வேர் இல்லாத வேர்கள்.
குற்றாலத்தில் சாரல் போடுகிற தென்மேற்கு
அப்போது இதுவரை ஏறி வந்திருக்கலாமாம்.
பிறகு வழியை மாற்றிக்கொண்டது.
ஏன் என்று கேட்டேன்.
பூமி தலையைச் சாய்த்திருந்த விதம் என்றாள்,
சாய்வு மாறிக்கொண்டேதான் இருக்கும் என்றாள்.

படிவத்தில் ஆழம், நிறம், அடிகள்.
சம்மட்டிக்கு நாலே அடி தாங்கியது அந்தக் களி.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஏரி என்று எழுதி அனுப்பினேன்.

ஷார்ஜாவிலிருந்து பிரசன்னன் சார் போன்:
‘என்னய்யா ஏரி? பார்ட்டி பயந்துடுவான், எடு.’

எடுத்தேன்.
சாம்பல் களி, மென்மை.

தண்ணீர் மட்டம் என்ற கட்டத்தில் மட்டும்
‘இல்லை’க்கு முன்னால்
‘இப்போது’ என்று சேர்த்தேன்.

அதை யாரும் படிக்கவில்லை.
முத்திரை குத்தி வந்துவிட்டது.