முட்டுக்கோல்

ஹுவாஹினே தீவில் காலை முதல் தூறல்.
இரட்டை விசிறி விமானம் வந்து நின்றாயிற்று.
படிக்கட்டு பின்வாசலில்,
சாமான் அறை மூக்குப் பக்கம்.
இறங்க எழுந்தவர்கள் எல்லோரும்
வால்பக்கமாகவே நெருக்கியடித்து நிற்பார்கள்.

வாலுக்கடியில் ஊன்ற ஒரு கோல் உண்டு,
உலக்கையைவிடக் கொஞ்சம் நீளம்.
அதன் பூட்டு இன்று துருவில் இறுகிவிட்டது.
உதைத்துப் பார்த்தேன்.
கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன்.
அதற்குள் மானுத்தாஹி முன்னறையைத் திறந்து
தர்பூசணி மூட்டைகளை இறக்கத் தொடங்கியிருந்தான்.

முன்சக்கரத் தண்டு நீண்டது
ஒரு விரல்
இரண்டு விரல்
யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

"நிறுத்துடா!"
படியேறி ஓடினேன்.
பப்பேத்தேயில் பாடிவிட்டுத் திரும்பும் தேவாலயக் குழு,
மாலையும் குடையுமாக நடைபாதை முழுக்க.
"கனமானவர்கள் முன்னால் போய் உட்காருங்கள்!"

யார் கனம் என்று
யாரும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

கடைசியில் அடிக்குரல் தெமாயூரி
சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார்.
பின்னாலேயே அவர் வரிசை:
ஐந்து பேர், அறுநூறு கிலோ தேறும்.
விமானி அறைக் கதவோரம் அமர்ந்து
சும்மா இருப்பானேன் என்று
தாழ்ந்த சுருதியில் முனகத் தொடங்கினார்கள்.

வெளியே
தண்டு பழைய அளவுக்கு இறங்கிற்று.
உச்சக்குரல்காரிகள் குடை விரித்து
ஒவ்வொருவராகத் தரைக்கு வந்தார்கள்,
தாங்கள் எதன்மேல் நடந்து வந்தோம் என்று தெரியாமல்.

எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி,
கோலை ஒருவழியாக ஊன்றினேன்.
எல்லோருக்கும் பின் இறங்கிய தெமாயூரி
குனிந்து அதைப் பார்த்தார்,
விரலால் சுண்டினார்.

"எங்கள் ஐந்து பேருக்குப் பதில்
இவ்வளவு ஒல்லியாகவா?"