எழுபத்திநான்கு கிராம்

ஃபர்வானியா, ஐந்தாம் மாடி, ஆகஸ்ட்.
கீழ்வீட்டு ஜெரின் லீவுக்கு ஊருக்குப் போகும்போது
ஒரு கண்ணாடித் தொட்டியையும்
ஒரு பச்சைத் தவளையையும்
என்னிடம் விட்டுப் போனான்.
பெயர் பூரி.
நான் வைத்ததில்லை.

இரண்டாம் வாரம், வீடியோவில்:
"ஆன்ட்டி, குண்டாயிட்டான்! நல்லா சாப்பிடுறானா?"
"ம்" என்றேன்.
போட்ட சில்வண்டு ஆறும் மூலையில் உயிரோடு
மீசையாட்டிக் கொண்டிருந்தன.
கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
அங்கே புழுதிதான்.

கொழுப்பென்றால் கண்ணுக்கு மேல் மடிப்பு விழும்.
இது தொடையில், அக்குளில், தொண்டைக்கு அடியில்
தோலுக்கும் சதைக்கும் நடுவே
குடியேறியிருந்தது.
போன் வெளிச்சத்தை ஒரு விலாவில் பிடித்தேன்,
மறு விலாவில் விடிந்தது.
கூழாங்கல் எதையும் விழுங்கியிருந்தால்
கல்லாய் இருந்திருக்கும்.
இது விரலுக்கு வழிவிட்டது.
திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டது.

இந்த விரலுக்குப் பழகிய சங்கதிதான்.
பன்னிரண்டு வருடமாக டயாலிசிஸ் வார்டில்
கணுக்காலை அழுத்திவிட்டு எண்ணுகிற விரல்.
"ஒரே ஒரு டீ, சிஸ்டர், சத்தியமா" என்பார் அபு ஹம்தான்.
மூன்று கிலோ என்னும் தராசு.
அவரைத் திட்டலாம்.
வாயால் ஒரு சொட்டும் குடிக்காமல்
தோலால் குடிக்கிற பிராணியிடம்
தண்ணியைக் குறை என்று
எந்தப் பாஷையில் சொல்ல?

மசாலாத் தராசில் உட்காரவைத்தேன்.
போன வெள்ளி அறுபத்தொன்று.
இன்று எழுபத்திநான்கு.
(இனி அதில் சீரகம் நிறுக்கப்போவதில்லை.)

மூன்று கிளினிக்குக்குப் போன் போட்டேன்.
ஒருவர் பூனை மட்டும்.
ஒருவர் ராஜாளி மட்டும்.
மூன்றாமவர் சிரிக்கவில்லை.
"ஊசியால் எடுக்கலாம். ஆனால் திரும்ப நிரம்பும்."
தெரியும் டாக்டர்.
"சிறுநீரகமாக இருக்கலாம்."
தெரியும்.
"என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

தொட்டியில் ஜெரின் ஒட்டிய தாளில் மூன்றாவது வரி:
கொழா தண்ணி அப்படியே ஊத்தக் கூடாது,
சொட்டு மருந்து போடணும்.
படித்தேன். படித்துவிட்டுத்தான்
இரட்டை டூட்டி முடிந்த ராத்திரிகளில்
அப்படியே ஊற்றினேன்,
கடலைக் காய்ச்சி, குளோரின் கலந்து
ஐந்து மாடி ஏற்றிவிட்ட தண்ணீரை.
தினமும் முதல் மெஷின் ஓடுமுன்
'குளோரின் இல்லை' என்று
கையெழுத்துப் போடுவதும்
இதே கைதான்.

வார்டிலிருந்து
தேதி முடிந்த சோதனைப் பட்டை ஒன்று எடுத்துவந்து
தொட்டியில் நனைத்தேன்.
நிறம் மாறியது.
அதனால்தானா என்று டாக்டரும் சொல்லவில்லை.

இப்போது அவன் ஐஸ்கிரீம் டப்பாவில்,
டாக்டர் சொன்ன கணக்கில் உப்புப் போட்ட நல்ல தண்ணீரில்
நனைத்த துணிமேல்.
எழுபத்திமூன்று.
எழுபத்திமூன்று.
எழுபத்தொன்று.
தராசு இரண்டு கிராம் தப்பலாம் என்று
அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜெரின் கூப்பிடுவான்.
ஜன்னலைக் காட்டப்போவதில்லை.

ஒரு சில்வண்டு
அவன் முன்னங்காலை உரசிக்கொண்டு போகிறது.
கண் மட்டும் அதன் பின்னால் போகிறது.
கண் மட்டும், இதுவரை.